கட்டை விரலும் காலிங் பெல்லும்

உங்கள் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். முப்பது வயதைத் தாண்டிய, கால் பரீட்சைக்கு முதல் நாள் அப்பாவிடம் உதை வாங்கிய ஆண்பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். ஓடாத டேபிள் ஃபேன், பழைய கல்யாணப் பத்திரிகைகள், 'பின்னால் உதவும்' என்று அம்மா எடுத்து வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள்... இவற்றுக்கெல்லாம் அடியில், வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு ஜாய்ஸ்டிக்கோடு ஒரு வீடியோ கேம் பெட்டி. கூடவே மஞ்சள் கலரில் ஒரு கேசட். அதன் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும்.

ஒரு கோடிக்கு ஒன்றே ஒன்றுதான் குறைச்சல்! உள்ளே போய் எண்ணினால் மாரியோ, கான்ட்ரா, டாங்க் சண்டை, வாத்து சுடுவது என்று ஏழெட்டு தேறும். மீதியெல்லாம் அதே மாரியோ சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். எந்தக் கம்பெனியாவது இப்படி ஸ்டாக் கணக்கு காட்டினால் ஆடிட்டர் அன்றைக்கே ராஜினாமா செய்துவிடுவார்.

இந்தப் பெட்டிகளை ரிப்பேர் செய்வதுதான் சில வருஷமாக என் சாயங்கால வேலை. தொழில் இல்லை, காசு வாங்குவதும் இல்லை. (டீ வாங்கிக் கொடுத்தால் மறுப்பதில்லை.) படித்தது பி.காம். கொஞ்ச காலம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டெபிட், கிரெடிட் எழுதிவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். வாசம் துவாக்குடி. பெல் தொழிற்சாலைக்கும் என்.ஐ.டி.க்கும் பக்கத்து ஊர். தஞ்சாவூர் ரோட்டு லாரி ஹாரனும், சிட்கோ பக்கத்து லேத், வெல்டிங், ப்ரெஸ் சத்தமும் கேட்டால்தான் எங்கள் ஊர்க் குழந்தைகள் தூங்கும். "ஊரே இரும்பை வளைக்குது, நீ பிளாஸ்டிக்கை நோண்டிக்கிட்டு இருக்கே" என்பது என்னைப் பற்றி நண்பர்கள் அடிக்கும் கமென்ட்.

முதலில் அந்தப் பெட்டியின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

மூலபுருஷர் ஜப்பான்காரர். 1983 ஜூலை 15-ந் தேதி நின்டெண்டோ கம்பெனி விற்பனைக்கு விட்ட 'ஃபாமிகாம்'. விலை 14,800 யென். வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா என்ற எஞ்சினீயர். உள்ளே மூளையாக இருப்பது 6502 என்கிற சிப்பின் வம்சத்தில் வந்த ஒரு சிப். வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை பார்க்கும் மெமரி 2 கிலோபைட். காலையில் ஆறு மணிக்கே உங்கள் மாமா வாட்ஸ்-அப்பில் அனுப்புகிறாரே, 'குட்மார்னிங்' ரோஜாப்பூ... அது 2 கிலோபைட்டுக்குள் கால்கூட வைக்க முடியாது. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ கேம் மொத்தமுமே 40 கிலோபைட்தான். அதற்குள்தான் அந்த மேகம், குழாய், காளான், ஆமை, கடைசியில் 'ராணி வேற கோட்டையில இருக்காங்க' என்று நம்மை அழவிட்ட அந்தக் குட்டி ஆள் எல்லாம்!

உலகம் முழுக்க 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றார்கள். இது ஒரிஜினல் கணக்கு. நம் ஊரில் நாம் ஆடியவை பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் போட்ட நகல்கள். 'சாமுராய்', 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர்' என்று வந்தன. இதே சரக்கு ரஷ்யாவில் 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்'. போலீஸ் தேடுகிற ஆசாமி மாதிரி, ஆள் ஒன்று, ஊருக்கு ஒரு பெயர்.

ஒரிஜினலுக்கே, ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை என்று 2007-ல் ரிப்பேர் பார்ப்பதை நிறுத்திவிட்டது நின்டெண்டோ. நகலுக்கு யார் இருக்கிறார்கள்? வாரண்டி கார்டில் கடை சீல் இருந்தது, தேதி இருந்தது. கம்பெனிதான் எங்கே இருக்கிறது என்று இல்லை. ஆக ஸார், இதற்கு சர்வீஸ் ஸென்டர் நீங்களும் நானும்தான்.

'இதைப் போய் யாராவது ரிப்பேர் செய்வார்களா, என்ன மதிப்பு இருக்கும்?' என்று கேட்கிறீர்களா? பி.காம். படித்தவனிடம் இதைக் கேட்கலாமா! எங்கள் வீட்டுப் பெட்டி 1999 தீபாவளிக்கு 600 ரூபாய். ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு நாங்கள் போட்ட தேய்மானம் 40 சதவீதம். அதையே இதற்கும் போட்டு, வருஷா வருஷம் மிச்சத்தில் கழித்துக்கொண்டே வந்தால், 25 வருஷம் கழித்து மதிப்பு ஒரு பைசாவில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் கவனியுங்கள், பூஜ்யம் இல்லை. இந்த முறையில் எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது. மிச்சம் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். காலேஜில் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

சரி, ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

பெட்டி எரியவில்லை என்று வருகிறவற்றில் பாதிக்கு வியாதி பெட்டியில் இல்லை, அடாப்டரில். 9 வோல்ட் என்று எழுதியிருக்கும் பழைய குண்டு அடாப்டரை மல்டிமீட்டரில் தொட்டுப் பாருங்கள், லோடு இல்லாமல் 12, 13 காட்டும். பயப்பட வேண்டாம், அந்த ஜாதி அடாப்டருக்கு அது சுபாவம். முக்கியம் என்னவென்றால், முள்ளின் நடுவில் ப்ளஸ்ஸா மைனஸா என்று பார்ப்பது. ஃபாமிகாமுக்கு நடுவில் மைனஸ். நகல்களில் பலதும் அப்படியே. கடைக்காரர் கொடுக்கிற அடாப்டர் பெரும்பாலும் நடுவில் ப்ளஸ். சம்பந்தம் பேசும் முன் ஜாதகம் பார்ப்பது மாதிரி இதைப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே மூன்று காலோடு ஒருத்தர் அலுமினியத் தகட்டில் சாய்ந்து நிற்பார். பெயர் 7805. எவ்வளவு வோல்ட் வந்தாலும் குறைத்து 5 வோல்ட்டாக உள்ளே அனுப்புவது அவர் வேலை. மிச்சத்தையெல்லாம் சூடாக்கி வெளியே விடுவார். நடுக்காலுக்கும் கடைசிக் காலுக்கும் நடுவே 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள். ஒரு டீ, பன் விலைதான். படத்தில் அலை அலையாகக் கோடு ஓடினால் பக்கத்தில் நிற்கும் கெபாசிட்டரைப் பாருங்கள். தலை உப்பியிருந்தால் ரிட்டயர்மென்ட் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கேசட். ஊதக் கூடாது! ஊதினால் வேலை செய்ததே என்பீர்கள். வேலை செய்தது ஊதினதால் இல்லை. ஊதுவதற்காகக் கழற்றி மறுபடி மாட்டினீர்களே, அதனால். நம் வாய் ஈரம் அந்த 60 பல்லிலும் படிந்து பச்சை பூத்ததுதான் மிச்சம். ஸ்கூல் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லையா? திறந்தால் பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர், அதன் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் வட்டம். அமுக்கும்போது அது போர்டில் உள்ள இரண்டு கோடுகளைச் சேர்த்து வைக்கும். அவ்வளவுதான் விஷயம். கார்பன் தேய்ந்திருந்தால் 6பி பென்சிலால் தீற்றினால் கொஞ்ச நாள் ஓடும். பழைய டி.வி. ரிமோட்டிலிருந்து ரப்பரை வெட்டி ஒட்டினால் வருஷக்கணக்கில் ஓடும். எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் வயர். உள்ளே மொத்தமே 5 கம்பிதான். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஏதாவது ஒன்று அறுந்திருக்கும். தோல்விக் கோபத்தில் ஜாய்ஸ்டிக்கைச் சுழற்றிப் போட்டதெல்லாம் அந்த இடத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

சரி செய்ய முடியாதது ஒன்றும் உண்டு. நகல் பெட்டியைத் திறந்தால் போர்டு நடுவில் தார் ஊற்றினது மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு மாதிரியே. செலவைக் குறைக்க, சிப்பை அப்படியே போர்டில் ஒட்டி, மேலே பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். அதற்குள் ஏதாவது போய்விட்டால் போனதுதான். பிரிக்க முடியாது, மாற்ற முடியாது. முதல் பாடம் இது. பொட்டுக்குள் போனதை விட்டுவிடு, பொட்டைச் சுற்றி இருப்பதைப் பார்.

இந்தப் பாடம் துப்பாக்கிக்கும் பொருந்தும். காட்டூரிலிருந்து பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருத்தர் ஆரஞ்சு கலர் துப்பாக்கியோடு வந்தார். "பையனுக்கு வாத்து சுட்டுக் காட்டலாம்னு 43 இன்ச் டி.வி.யில மாட்டினேன். ஒண்ணுகூட விழலை. பையன் முன்னாடி மானமே போச்சு ஸார்!"

துப்பாக்கியில் கோளாறே இல்லை. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது ஒரு கண். விசையை அமுக்கினதும் ஒரு கணம் திரை முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் கண் அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து காலி. பழைய பிக்சர் ட்யூப் டி.வி. படத்தைக் கையோடு கோடு கோடாக வரைந்துவிடும். எல்.இ.டி. டி.வி. படத்தை வாங்கி, அலசி, மெருகு போட்டுக் காட்டுவதற்குள் சில மில்லி செகண்டு ஓடிவிடும். அதற்குள் கேம் 'குறி தப்பிவிட்டது' என்று முடிவு எழுதிவிடும். போதாததற்கு, துப்பாக்கிக் கண்ணே பழைய ட்யூபின் மினுக்கலுக்குப் பழக்கப்பட்டது. நண்பருக்குக் காயலான் கடையில் ஒரு 14 இன்ச் ட்யூப் டி.வி. பிடித்துக் கொடுத்தேன். வாத்துகள் விழுந்தன, மானம் எழுந்தது. (ஒரு எச்சரிக்கை. ட்யூப் டி.வி.யின் பின்மூடியைத் திறக்காதீர்கள். 20,000 வோல்ட்டுக்கு மேல் நடமாடும் இடம். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும்.)

இதுவரை சொன்னது ரிப்பேர். இனி சொல்லப்போவது வேறு.

அந்த 600 ரூபாய்ப் பெட்டியை வாங்கியது நான் இல்லை, என் அண்ணன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஐ.டி.ஐ. முடித்து ஊரிலேயே ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் ஃபிட்டராகச் சேர்ந்து, வாங்கிய முதல் தீபாவளி போனஸ். அப்பா வேட்டி, அம்மா புடவை போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் ஏறினார். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் வாங்கி, வரும்போது ஸீட் கிடைக்காமல் துவாக்குடி வரை தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கான்ட்ராவில் அவர் நீல பேன்ட், நான் சிவப்பு பேன்ட். மூன்று உயிரோடு ஆரம்பித்தால் அருவி ஸ்டேஜுக்குள் தீர்ந்துவிடும். 'மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ' என்று அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும் என்ற ரகசியத்தை யூனிட்டில் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்தார். வேதம் சொல்லிக் கொடுப்பது மாதிரி கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். அதன் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1986-ல் கோனாமி கம்பெனியில் கஸுஹிஸா ஹாஷிமோட்டோ என்பவர் 'கிரேடியஸ்' கேமை ஃபாமிகாமுக்குத் தயார் செய்தபோது, அது அவருக்கே ஆட முடியாத கஷ்டமாக இருந்ததாம். சோதித்துப் பார்க்க, தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. எடுக்க மறந்துவிட்டார். உலகத்துப் பையன்களுக்கு லாபம்!

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான். பெட்டி பரண் ஏறியது. 2017-ல் ஒரு நாள் செகண்ட் ஷிஃப்ட்டில் ப்ரெஸ் மிஷின் அவருடைய வலது கட்டை விரலை எடுத்துக்கொண்டது. ஆள்காட்டி விரல் தப்பியது, ஆனால் மடங்காது.

நஷ்டஈட்டு ஃபாரங்களை நான்தான் பூர்த்தி செய்தேன், பி.காம். ஆயிற்றே! 1923-ம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சதவீதம் போட்டிருந்தது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டம். அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ 70 மார்க் வாங்கியிருக்கேன், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். ஆஸ்பத்திரியில் யாராவது துக்கம் விசாரித்தால், "ஏகலைவனுக்கு துரோணர் கேட்டாரு, எனக்கு 60 டன் ப்ரெஸ் கேட்டுச்சு. குருதட்சிணை!" என்பார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஜோக்குகள் நின்றுவிட்டன. யூனிட்டில் ஸ்டோர் ரூமில் உட்கார்த்தினார்கள். ரிஜிஸ்டரில் இடது கையால் எழுதினார். அவருடைய அரம், ரம்பம், வெர்னியர் எல்லாம் இருந்த தகரப் பெட்டியை அண்ணியிடம் சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னார். வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றக்கூட பிளம்பரைக் கூப்பிட ஆரம்பித்தார். இதைச் சதவீதத்தில் எழுத எந்த அட்டவணையிலும் இடம் இல்லை.

2021 போகிக்குப் பரணை ஒழித்தபோது பெட்டி கீழே வந்தது. அண்ணன் மகனுக்கு அப்போது பத்து வயது. "சித்தப்பா, இது என்ன?" என்று ஆரம்பித்தான். அந்தப் பெட்டிதான் என் முதல் கேஸ். 7805, ஒரு கெபாசிட்டர், ஜாய்ஸ்டிக் வயர் என்று பார்த்து, பொங்கலுக்குள் எழுப்பிவிட்டேன். பொட்டு நன்றாக இருந்தது. கான்ட்ரா பாட்டு வந்ததும் அடுப்படியிலிருந்து அம்மா, "ஆரம்பிச்சிட்டாங்கடா!" என்று இருபது வருஷத்துக்கு முந்தின அதே குரலில் கத்தினாள்.

பையன் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அப்பாவிடம் நீட்டினான். "நீயும் சித்தப்பாவும் ஆடுங்கடா" என்று சொல்லிவிட்டுச் சேரில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் நாங்கள் ஆடும்போது அவர் இடது கட்டை விரல் முழங்கால் மேல் இடதும் வலதுமாக நகர்ந்துகொண்டே இருந்தது.

இந்த ஜாய்ஸ்டிக் என்கிற சாமானே இரண்டு கட்டை விரலை நம்பிச் செய்தது. அந்தப் ப்ளஸ் குறி பட்டன், 1982-ல் நின்டெண்டோவின் கும்பெய் யோகோய் ஒரு கையடக்க விளையாட்டுக்காகக் கொண்டு வந்தது. இடது கட்டை விரல் திசைக்கு, வலது கட்டை விரல் குதிக்க, சுட. மற்ற விரல்கள் பிடித்துக்கொள்ள. வலது கட்டை விரல் இல்லையென்றால் அமுக்குவது இருக்கட்டும், பிடிக்கவே முடியாது, நழுவும்.

அன்று ராத்திரி ஜாய்ஸ்டிக்கைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன் என்பது இரண்டு கோடுகளைச் சேர்த்து வைப்பது, அவ்வளவுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? சேர்த்து வைப்பது கட்டை விரலாகத்தான் இருக்க வேண்டும் என்று பெட்டிக்கு ஒரு சட்டமும் இல்லை. இரண்டு வயர் இழுத்து வெளியே எந்த ஸ்விட்ச்சை வைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் இரண்டு காலிங் பெல் ஸ்விட்ச் வாங்கினேன். அமுக்கினால் சேரும், விட்டால் பிரியும். நமக்கு வேண்டியதும் அதுதான். 'ஏ' பட்டன் குதிக்க. சுடுவதற்கு 'பி'க்குப் பதிலாக அதன் மேலே இருக்கும் டர்போ பட்டனை எடுத்துக்கொண்டேன். நகல் ஜாய்ஸ்டிக்கில் உள்ள பெரிய வசதி இது. அமுக்கிப் பிடித்தால் போதும், தானே படபடவென்று சுட்டுக்கொண்டிருக்கும். கார்பன் பூசிய இடத்தில் ஈயம் ஒட்டாது. அதனால் கோடு எங்கே போகிறது என்று கண்ணால் துரத்திக்கொண்டே போய், செம்பு தெரியும் இடத்தில் சுரண்டிப் பத்த வைத்தேன். ஸ்விட்ச் இரண்டையும் ஒரு சோப்பு டப்பா மூடியில் மாட்டி அண்ணன் முன்னால் வைத்தேன்.

அவர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பாலன்ஸ் ஷீட்டில் கூட்டல் தப்பாக இருந்தால் எங்கள் ஆடிட்டர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"என்னடா இது?"

"ஸ்விட்ச்சுண்ணே. இது மேல உள்ளங்கையை வச்சா சுடும், அதை நடுவிரலால அமுக்கினா குதிக்கும்."

"அது தெரியுது. இது என்னது, சோப்பு டப்பாவா? ரெண்டு தடவை குதிச்சா உடைஞ்சிடும். ஒண்ணு நேரா இருக்கு, ஒண்ணு கோணலா இருக்கு. அளந்து பார்த்தியா?" என்றவர் பையனைக் கூப்பிட்டார். "டேய், கட்டிலுக்கு அடியில அப்பா பெட்டி இருக்கும், எடுத்துட்டு வா."

அண்ணி அடுப்படி வாசலில் வந்து நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை.

மூன்று சாயங்காலம் ஆயிற்று. 3 எம்.எம். தகடு. வைஸ் பிடித்துக்கொள்ள, இடது கையால் அரம். முதல் நாள் அரம் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் கை நீட்டினேன். "ஓரமா உட்காரு" என்றார். இரண்டாவது நாள், வலது கையின் மூன்று விரலையும் உள்ளங்கையையும் வைத்து அரத்தின் முனையை அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டார். துளை போட பையன் டிரில்லைப் பிடித்தான், அவர் நிமிர்த்திக் கொடுத்தார். ஜாய்ஸ்டிக் உட்கார ஒரு பள்ளம், உள்ளங்கைக்குச் சரிவாக ஒரு ஸ்விட்ச், நடுவிரல் எட்டும் தூரத்தில் இன்னொன்று. தன் கையைத் தகட்டின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து அளவெடுத்தார். விபத்துக்குப் பிறகு அந்தக் கையை அவ்வளவு நேரம் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

"பெல் ஸ்விட்ச் ஸ்பிரிங் ரொம்ப டைட்டு. குதிக்க லேட்டாகுது" என்று, பால் பாயின்ட் பேனாவிலிருந்து ஸ்பிரிங்கை உருவி, இரண்டு சுற்று வெட்டிப் போட்டார். இப்போது தொட்டால் குதிக்கும்.

நான்காவது நாள் 'மேல் மேல் கீழ் கீழ்...' அண்ணனே போட்டார். சுடுகிற ஸ்விட்ச் டர்போ ஆயிற்றே, ரகசியத்துக்கு ஒரே ஒரு தட்டு தட்ட வேண்டும். அதற்கு மட்டும் ஜாய்ஸ்டிக்கில் உள்ள பழைய 'பி' பட்டனை இடது கையை நீட்டித் தட்டினார். 30 உயிர். அப்பாவும் பிள்ளையும் ஆடினார்கள். அருவி ஸ்டேஜில் பையன் முந்திப் போய் அப்பாவைத் திரைக்குக் கீழே விட்டுக் கொன்றான். "டேய், அப்பனுக்காகக் கொஞ்சம் நிக்க மாட்டியா!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் வாசலில் பால்காரர் நிஜ காலிங் பெல்லை அமுக்கியது யாருக்கும் கேட்கவில்லை.

என்.ஐ.டி. மாணவர் ஒருத்தர் ஒரு நாள் வந்து இதைப் பார்த்தார். "எமுலேட்டர் போட்டா லாப்டாப்ல அஞ்சு நிமிஷத்துல ஆடிடலாமே ஸார்?" என்றார். ஆடலாம், தப்பே இல்லை. கேம் மட்டும் வேண்டும் என்றால் அதுவே உத்தமம். ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு பட்டனின் விஷயம் இரண்டு வயரில் முடிந்துவிடுகிறது. கம்பெனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் கைக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ளலாம். அரம் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

இந்த யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது என்று கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு படித்தால், நின்டெண்டோவே 1989-ல் கை அசையாதவர்களுக்காக ஒரு கன்ட்ரோலர் விற்றிருக்கிறது. மார்பில் மாட்டிக்கொண்டு, தாடையால் திசை காட்டி, ஒரு குழாயில் ஊதினால் ஒரு பட்டன், உறிஞ்சினால் இன்னொன்று. 2018-ல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸுக்காக, வெளி ஸ்விட்ச்களைச் சொருக 19 ஓட்டைகளோடு ஒன்றை விட்டது. அறிமுக விலை கிட்டத்தட்ட 100 டாலர். அண்ணனிடம் படம் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் நல்லாயிருக்கு. நம்ம ஸ்பிரிங் இவ்வளவு ஸ்மூத்தா இருக்காது" என்றார். தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அண்ணன் இப்போதும் ஸ்டோரில்தான் வேலை பார்க்கிறார். வேறு யூனிட். விரல் முளைக்கவில்லை, சம்பளமும் பழைய ஃபிட்டர் சம்பளம் இல்லை. பொட்டுக்குள் போனது போனதுதான். ஆனால் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இல்லை, ஜன்னலோரத்தில் இருக்கிறது. குழாய்க்கு வாஷர் மாற்ற பிளம்பர் வருவதில்லை.

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் உள்ள ஒரு அம்மா வந்தார். அவர் பையனுக்குப் பிறவியிலேயே விரல்கள் விரியாது, கை முஷ்டியாகவே இருக்கும். "எங்க பையனும் ஆட முடியுமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா, கையை அளவெடுக்கணும். டேய், பெரிய சைஸ் பெல் ஸ்விட்ச் நாலு வாங்கிட்டு வா. பில்லோட வாங்கு. சும்மாவா பி.காம். படிச்சே!"